அரைக் கல் உப்பு

“சும்மா நல்லாருக்குன்னா எப்படி தம்பி? புளிப்பா, உப்பா, காரமா?” மேஜைக்கு அடியில் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு கேட்டாள் அவள்.

“நல்லாருக்கு அண்ணி,” என்றான் கொழுந்தன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

இது நான்காவது கடை. நான்கிலும் நல்லாத்தான் இருந்தது.

காய்ச்சல் வந்து போனபோது அவள் நாக்கின் ருசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மூன்று வாரமாக, வாயில் வைப்பது சூடா ஆறியதா, ஈரமா காய்ந்ததா என்பது மட்டும்தான் தெரிகிறது. வேறு வேலை பார்ப்பவளாக இருந்தால் மருந்தைச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பாள். இவளோ நகரத்தின் சந்துபொந்தெல்லாம் நுழைந்து, சின்னச் சின்னக் கடைகளில் தின்று, வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிறவள். பன்னிரண்டு வருஷமாக. அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே ‘நாக்கு’தான். நாக்கு போன பிறகு மிச்சம் இருப்பது யார்? குளியலறைக் கண்ணாடியில் அதை நீட்டி நீட்டிப் பார்த்தாள். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

கொழுந்தனை நம்பிப் பிரயோஜனமில்லை என்று அடுத்த வாரம் தனியாகப் போனாள். சாப்பிடுகிறவர்களின் முகத்தைப் பார்த்தே எழுதிவிடலாமே. மூலை மேஜைக்காரர் ஒருவர் வறுத்த மீனை வாயில் வைத்ததும் கண்ணை மூடினார். ஒரு சொட்டுக் கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. ‘ஒரே வாயில் அழவைக்கும் மீன்’ என்று எழுதினாள்.

வாசகர்கள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். பிறகு கடிதங்கள் வந்தன. ‘அழுகை வந்தது வாஸ்தவம். இதைப் போய்ப் பிள்ளைகளுக்கு ஊட்டினேனே என்றுதான்’ என எழுதியிருந்தார் ஒரு அம்மாள். விசாரித்ததில், மூலை மேஜைக்காரருக்குப் பல்வலியாம்.

பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார். அவளுக்கு முன்னால் இருபது வருஷம் அதே பக்கத்தை எழுதியவர்.

“என்னம்மா ஆச்சு உனக்கு?”

“லேசா ஜலதோஷம் சார்.”

“ஊரை ஏமாத்தலாம், என் நாக்கை ஏமாத்த முடியாது. புதுசா ஒரு கடை திறந்திருக்காங்க. நீயும் போனதில்லை, நானும் போனதில்லை. தண்ணி மாதிரி தெளிவா ஒரு சூப்பு போடறாங்களாம். வா, குடிச்சுப் பார்த்துட்டுச் சொல்லு. சரியாச் சொன்னா பக்கம் உனக்கு. இல்லேன்னா பிழை திருத்தற மேஜைக்குப் போயிடு.”

மத்தியானக் கூட்டம். பரிமாறுகிற பெண் ஓட்டமும் நடையுமாக வந்து, ஆளுக்கொரு கிண்ணமும் அதில் ஒரு ஸ்பூனுமாக வைத்துவிட்டுப் போனாள். ஆவி பறந்தது. அவள் மூன்று ஸ்பூன் குடித்தாள். சூடாக இருந்தது. அவ்வளவுதான். உண்மையைச் சொல்லித் தொலைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தாள். பன்னிரண்டு வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

“எலும்பு நல்லாக் கொதிச்சிருக்கு சார். உப்புதான் ஒரு கல் கூட.”

ஆசிரியர் கண்ணை மூடி ஒரு வாய் உறிஞ்சி, கன்னத்துக்குக் கன்னம் உருட்டினார். அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு கல் இல்லம்மா. அரைக் கல்,” என்றார். “கடைசியில ஒரு இனிப்பு வருதே, கவனிச்சியா?”

“வெங்காயம் சார்.”

“அதேதான். உன் நாக்குக்கு ஒண்ணும் ஆகலை.”

பிழைத்தாயிற்று. ஆனால் இனி ஒவ்வொரு வாரமும் இப்படியே. யாருமே கண்டுபிடிக்கப் போவதில்லை. அந்தத் தனிமையை நினைத்தால், பிழை திருத்தற மேஜையே தேவலை போலிருந்தது.

ஆசிரியர் கிண்ணத்தைத் தூக்கி மிச்சத்தையும் குடித்துவிட்டு, பரிமாறுகிற பெண்ணைக் கைகாட்டிக் கூப்பிட்டார். “இன்னொரு கிண்ணம் கொண்டாம்மா.”

அந்தப் பெண் காலிக் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“கொண்டு வரேன் சார். ஆனா சூப்பு ஆகறதுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. இது ஸ்பூனை அலசிக்கறதுக்கு வச்ச வெந்நீர்.”