குதிரையின் நாலாவது கால்

இனி ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை என்று எழுத்தர் முடிவு செய்தார். ஆறு நாள் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிற மனிதனுக்கு ஏழாம் நாள் கண்ணை மூட உரிமை இல்லையா? இருக்கிறது. அதை மனைவியிடம் சொல்லத்தான் துணிச்சல் இல்லை. கண் செருகும் நேரம் பார்த்து வந்து நிற்பாள்.

"என்னங்க, பின்னாடி ரூமை எப்பத்தான் ஒழிக்கப் போறீங்க? என் வேலைக்கு அது வேணும்னு கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது."

"அடுத்த வாரம்." தையல் கிளாசுக்குப் போய் வருகிறவளுக்குத் தனி அறை எதற்காம்?

"உங்க அடுத்த வாரத்துக்கு நாலு வயசாச்சு. ஸ்கூல்ல சேர்த்துடலாம்."

தூங்குகிறவனைத்தான் எழுப்புவாள். கலைஞனை எழுப்புவாளா? இந்த யோசனை பிறந்ததும் அவர் நேராக ஃபிரேம் கடைக்குப் போனார். பழைய பந்தயக் குதிரை ஓவியங்களை அங்கே கையாலேயே அச்சு அசலாக நகல் எடுத்துத் தருவார்கள்.

"ஒரு குதிரை வேணும். மொத்தமா வேண்டாம். வாராவாரம் சனிக்கிழமை ஆன வரைக்கும் குடுங்க, திங்கக்கிழமை திருப்பித் தர்றேன்."

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "குதிரையைத் தவணையில கேட்ட முதல் ஆள் நீங்கதான் சார்."

கலைஞனுக்கு அறை வேண்டுமே! கால் உடைந்த நாற்காலிகள், செய்தித்தாள் கட்டுகள், ஓடாத மின்விசிறி என்று நாலு வருஷக் குப்பையை ஒரே நாளில் அள்ளி வெளியே போட்டார். பேருக்கு ஒரு ஸ்டாண்டும் பிரஷ்ஷும் நாலு பெயின்ட் டியூபும் வாங்கி வைத்தார். மனைவி கதவருகே நின்று பார்த்தாள்.

"ஸ்டாண்டை அந்தப் பக்கம் வைங்க. வெளிச்சம் இடது பக்கத்துலேருந்து வரணும்."

"உனக்கென்ன தெரியும் ஓவியத்தைப் பத்தி?"

"சும்மா தோணுச்சு."

முதல் வாரம் வெறும் பென்சில் கோடு வந்தது. இரண்டாம் வாரம் பழுப்பு உடம்பும் தலையும் வந்தன. அவர் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பாயை விரித்தார். சொர்க்கம்!

"உள்ளேருந்து என்னமோ உறுமுச்சே?" என்றாள் மனைவி, அவர் வெளியே வந்ததும்.

"குதிரையாவே மாறினாத்தான் குதிரையை வரைய முடியும்."

"அப்ப கனைக்கணும். இது வேற மிருகம்."

மூன்றாம் வாரம் கால்கள் வந்தன. இரண்டு கால் முன்னால், இரண்டு கால் பின்னால், நாலும் அந்தரத்தில்! எந்தக் குதிரை இப்படி ஓடும்? மனைவி பார்த்தால் மானம் போகும், அறை போகும், தூக்கமும் போகும். வாழ்க்கையில் முதல் முறையாக பிரஷ்ஷைத் தொட்டார். பின்னங்கால் ஒன்றைத் தரைக்கு இறக்கினார். துடைப்பத்தைச் செருகியது போலத்தான் இருந்தது. ஆனாலும் தரையில் நின்றது.

அடுத்த சனிக்கிழமை அந்தக் கால் மறுபடி மேலே போயிருந்தது. ரோஷத்தோடு இறக்கினார். அதற்கடுத்த வாரமும் மேலே!

"யாருய்யா உங்க ஓவியர்? குதிரைக்குக் கால் எங்க இருக்கணும்னு தெரியாதா?"

"உங்களைப் பத்தியும் அங்க இதே பேச்சுதான் சார்," என்றார் கடைக்காரர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடாப்பிடியாகக் காலை இறக்கிவிட்டு அவர் நிமிர்ந்தபோது, திறந்திருந்த கதவருகே மனைவி நின்றிருந்தாள். பெருமூச்சு விட்டாள்.

"ரெண்டு தடவை துடைச்சாச்சு. இது மூணாவது. கேன்வாஸ் தேஞ்சே போயிடும்."

"யாரு துடைச்சா?"

"நான்தான்."

"நீ... நீ தையல் கிளாசுக்குல்ல போறே?"

"தையல்னு நீங்களா வச்சுக்கிட்டீங்க. அந்த ஃபிரேம் கடையில நகல் எடுக்கற வேலைக்குப் போறேன்னு சேர்ந்த அன்னிக்கே சொன்னேன். 'ம்'னீங்க. குறட்டையா பதிலான்னு தெரியலை. பதில்னு எடுத்துக்கிட்டேன்."

"அப்ப முதல் வாரமே தெரியுமா?"

"என் கோடு எனக்குத் தெரியாதா?"

"ஏன் சொல்லலை?"

"ரூம் ஒழியட்டும்னுதான்."

எழுத்தருக்குக் கடைசியாக ஒரு பிடி மிச்சம் இருந்தது. "ஆனா அந்தக் கால் தப்புதானே?"

"தப்புதான். ஓடற காலை அந்தக் காலத்துல யாராலயும் கண்ணால பிடிக்க முடியலை. பறக்கற மாதிரி தெரிஞ்சுது, அப்படியே வரைஞ்சுட்டாங்க. நகல் எடுக்கறவ தப்பையும் சேர்த்து எடுக்கணும். பதினோரு வருஷம் உங்களோட குடித்தனம் பண்ணினவளுக்கு இது பெரிய விஷயமா?"

துணியை டர்பன்டைனில் நனைத்து அவர் போட்ட காலை ஒரே இழுப்பில் துடைத்தாள். மெல்லிய பிரஷ்ஷால் நாலு தீற்று தீற்றினாள். குதிரை மண்ணை விட்டு எழும்பியது.

"பறக்குது," என்றார். இதை மட்டும் மனசாரச் சொன்னார்.

அவள் முகம் மலர்ந்தது. "ஒரு பெரிய ஹோட்டலுக்குப் பன்னெண்டு குதிரை வேணுமாம். வீட்டுல இடம் இருந்தா மொத்தமும் என் பேர்லயே தர்றேன்னார் கடைக்காரர். இடம்தான் வந்துடுச்சே!"

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம். ஆனால் குழிக்குள் விழுந்தவருக்கு ஏனோ கோபம் வரவில்லை. பெருமையாகவே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பின்னறை உள்ளே தாழிட்டிருந்தது. வெளியே எழுத்தர் மரச்சட்டங்களில் கேன்வாஸை இழுத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஆறாவது சட்டத்தில் கை ஓய்ந்தது. மகாராணி எந்தக் குதிரையில் இருக்கிறாளோ என்று கதவில் காதை வைத்தார்.

உள்ளே ஏதோ உறுமியது. நிச்சயமாகக் குதிரை இல்லை.