மஞ்சள் சீஸ் நுழையாத வீடு

எங்கள் வீட்டுக்குள் மஞ்சள் சீஸ் நுழையாது என்று பிரகடனம் செய்தேன். கேட்டவர்கள் இருவர்: என் மனைவி ஹசின்தா, எங்கள் பூனை. பூனை எழுந்து போய்விட்டது.

காரணம் மாப்பிள்ளை ரூபன். டெக்சாஸில் பிறந்து வளர்ந்தவர். நல்ல பெயர், நல்ல குணம். நாக்கு மட்டும் எங்கள் மெக்சிகோ எல்லைக்கு அந்தப் பக்கம். போன தடவை வந்தபோது, ஹசின்தா சுட்ட சோள ரொட்டியை எடுத்துப் பார்த்து, "இது ஏன் மாமா வளையுது?" என்று கேட்டார். அவர்கள் ஊரில் அதை மடித்துப் பொரித்து, கூரை ஓடு மாதிரி விறைக்க வைத்து டப்பாவில் விற்கிறார்கள். உள்ளே கொத்துக்கறியும் கைப்பிடி சீரகமும். தலையில் துருவிய மஞ்சள் சீஸ். ஒரு கடி கடித்தால் கூரை இடிந்து மடியில் விழும். மென்மையான ரொட்டியில் கறி வைத்து நாங்கள் மடித்துத் தின்கிறோமே, அதைப் போல அதற்கும் டாக்கோ என்றுதான் பெயர்.

பொறுக்க முடியாமல் எங்கள் புவெப்லா நகரத்து நாளிதழில் என் பத்தியில் எழுதினேன்: 'வழக்கம்தான் சட்டியின் உயிர். அதை மீறுகிறவன் கடைசியில் மஞ்சள் சீஸில் போய் விழுவான்.' தெருவே பாராட்டியது. கறிக்கடைக்காரர் ஓர் எலும்பு கூடுதலாகப் போட்டார்.

இப்போது மாப்பிள்ளை மறுபடி வருகிறார். மகளுக்கு லீவு இல்லை.

"ஞாயித்துக்கிழமை அவருக்கு அசல் மோலே குழம்பு. பக்கத்துல தமால். மிளகாய், எள்ளு, சாக்லேட் எல்லாம் அம்மியிலதான் அரைக்கணும். கடையில வாங்கின விழுது கூடாது," என்றேன்.

"யாரு அரைக்கறது?"

"நீதான். நானும் அவரும் மல்யுத்தம் பார்த்துட்டு வந்து சாப்பிடுவோம். ரெண்டு டிக்கெட் வாங்கி வெச்சிருக்கேன்."

"முகமூடி போட்டுக்கிட்டு சண்டை போடுவாங்களே, அதுவா?"

"அதேதான்."

"சரிங்க," என்றாள்.

ஹசின்தா எதிர்த்துப் பேசினால் பயமில்லை. 'சரிங்க' என்றால்தான் நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிறு மதியம். அவள் அரைத்து முடித்து, சட்டியை அடுப்பில் ஏற்றியிருந்தாள். பக்கத்து அடுப்பில் தமால், எங்கள் சோளமாவுக் கொழுக்கட்டை, ஆவியில் வெந்துகொண்டிருந்தது. நான் தொப்பியை எடுக்கப் போனேன். டிக்கெட் தொப்பிக்குள் இருந்தது.

"ஏங்க, கண்ணுல மிளகாய் பட்டுடுச்சு. இந்தக் கரண்டியைச் சித்த பிடிங்க."

பிடித்தேன். ஒரு சுற்று கலக்கினேன். அவள் முகம் கழுவிவிட்டு வந்தாள். கரண்டியை நீட்டினேன். வாசலில் எதெல்வீனாவின் குரல் கேட்டது. அடுத்த வீட்டுக்காரி, என் மகளின் ஞானத்தாய்.

"ஐயையோ, தோன் ஃபிலெமோன்! கையை மாத்தாதீங்க!"

"ஏன்?"

"மோலேயை ஆரம்பிச்ச கைதான் முடிக்கணும். கை மாறினா திரிஞ்சு போகும்."

"ஆரம்பிச்சது ஹசின்தா!"

"நான் எங்க ஆரம்பிச்சேன்? அரைச்சேன், ஏத்தினேன். முதல் சுத்து நீங்கதான்," என்றாள் ஹசின்தா.

"இதெல்லாம் மூடநம்பிக்கை!"

"அப்படியா? எதெல்வீனா, பேப்பர்ல என்னமோ வந்துச்சே... வழக்கம்தான் சட்டியோட..."

"உயிர்," என்றாள் எதெல்வீனா. மனப்பாடமே செய்திருந்தாள்.

எனக்கு மூக்கு சிவந்தது.

"கோபப்படாதீங்க. அடுப்படியில கோபம் இருந்தா தமால் வேகாது. சிரிங்க," என்றாள் எதெல்வீனா.

சிரித்தேன்.

"இன்னும் கொஞ்சம்."

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை பெட்டியோடு வந்து இறங்கினார்.

"பாவம், பயணக் களைப்பு. மல்யுத்தமெல்லாம் அவரால முடியாது. உங்களுக்குத் துணையா இருக்கட்டும்," என்றாள் ஹசின்தா. உதட்டுச்சாயம் பூசியிருந்தாள். எப்போது பூசினாளோ. என் தொப்பியை எடுத்து உதறினாள். டிக்கெட் இரண்டும் அவள் கையில் விழுந்தன. தொப்பியை என் தலையில் வைத்துவிட்டு, அவளும் எதெல்வீனாவும் கிளம்பினார்கள்.

கலக்கினேன். நிறுத்தினால் அடிப்பிடிக்கும். கோபப்பட்டால் தமால் வேகாது. என் வாழ்நாளில் அவ்வளவு சாந்தமாக நான் இருந்ததில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும், மாமா?"

"எண்ணெய் பிரியற வரைக்கும்."

"எப்போ பிரியும்?"

"பிரியும்போது."

அவர் பெட்டியைத் திறந்தார். டப்பாவை எடுத்தார். மசாலா கறியும், பையில் துருவிய சீஸும் கூடவே வந்திருந்தன. எடுத்து அடைத்தார், கடித்தார், கூரை இடிந்தது. வாசனை மட்டும் நன்றாக இருந்தது.

"உங்களுக்கு ஒண்ணு?"

"மானம் போயிடும்."

"யாருமே இல்லையே மாமா."

கை கரண்டியை விட முடியாது. வாய் சும்மாதான் இருந்தது. அவர் ஊட்டினார். உடைந்த ஓட்டில் பாதி மோலேக்குள் விழுந்தது. அவசரமாகக் கலக்கினேன். மோலேயில் பொரித்த ரொட்டி சேர்ப்பது நம் வழக்கம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பிறகு இன்னொன்று கேட்டேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் பெண்கள் இருவரும் கத்திக் கத்தித் தொண்டை கட்டித் திரும்பினார்கள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். எதெல்வீனா விரலை நக்கினாள். மாப்பிள்ளை மூன்றாம் முறை கேட்டு வாங்கினார். நான் எழுந்து நின்று டம்ளரை உயர்த்தினேன்.

"பாருங்க மாப்பிள்ளை. இதுதான் அசல். அந்த டப்பாச் சமாச்சாரம் இந்த வீட்டுக்குள்ள என்னைக்கும்..."

ஹசின்தா கைத்துண்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"அடுத்த ஞாயித்துக்கும் ரெண்டு டிக்கெட் எடுத்துடுங்க. மீசையில சீஸ் ஒட்டியிருக்கு, துடைச்சுக்கிட்டுப் பேசுங்க."