வேங்கிக்கால் விண்வெளி நிலையம்

புயல் சின்னம் என்று டிவியில் ஒரு வார்த்தை வந்ததும் முளைக்கிற இனம் ஒன்று உண்டு, கவனித்திருக்கிறீர்களா? 'படம் பார்ப்பவர்' என்று நான் பேர் வைத்திருக்கிறேன். மழை வருகிறதா என்று கேட்டால் ஜன்னலைத் திறக்க மாட்டார். செல்போனைத் திறப்பார். வங்கக் கடல்மேல் சுழலும் வெள்ளைத் திட்டை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "இது நமக்கில்லீங்க, ஆந்திராவுக்குப் போவுது" என்று, டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் மாதிரி சொல்வார்.

எங்கள் வேங்கிக்கால் தெருவுக்கு வாய்த்தவர் சகாதேவன். ரிட்டயரானவர், தெரு வாட்ஸ்அப் குழுவின் அட்மின். யாராவது மழையைப் போட்டோ எடுத்துப் போட்டால் குழுவை விட்டே தூக்கிவிடுவார். "கீழேர்ந்து பாத்தா என்னாங்க தெரியும்? மேலேர்ந்து பாக்கணும்!" அண்ணாமலையார் மலை மேகத்தை இரண்டாகப் பிரித்து அனுப்பிவிடும் என்பதற்கும் அவரிடம் செயற்கைக்கோள் படம் இருக்கிறது, சிவப்பு அம்புக்குறியோடு. அம்புக்குறி போட்டது யார்? அவர்தான்.

போன மழையில் எங்கள் தெருவை ஒட்டிய ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அருணாதேவி அவருடைய கேட்டில் வந்து நின்றாள். கால்வாய்ப் பள்ளத்தை முந்தின நாள் படம் எடுத்துப் போட்டதற்காகக் குழுவிலிருந்து தூக்கப்பட்டவள். அந்தப் பள்ளத்தில்தான் அவளுடைய சினை மாடு கட்டியிருந்தது. அவள் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த மாட்டால்தான்.

"சார், தண்ணி ஜாஸ்தியாயிட்டே போவுது. மாட்ட அவுத்து மேட்டுக்கு ஓட்டிடட்டுமா?"

"பதறாதீங்கம்மா. அடுத்த படம் வரட்டும்."

அடுத்த படத்துக்கு முன்னால் அவர் செல்போனுக்கு அரசாங்க எச்சரிக்கை வந்தது. ஏரியோரத்தில் இருப்பவர்கள் உடனே மேட்டுக்குப் போகவும், அட்மின்கள் எல்லோருக்கும் சொல்லவும். சகாதேவன் பார்த்தார். படமில்லை, கலர் இல்லை, அம்புக்குறி இல்லை. வதந்தி என்று ஒதுக்கிவிட்டார். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு செயற்கைக்கோள் ஏரியைப் பார்த்து, பயந்து, சேதி சொல்லி அனுப்புகிறது. அது ஒரு காம்பவுண்டுச் சுவரைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

தண்ணீர் வந்தது. அதற்கு மேல் அருணாதேவி காத்திருக்கவில்லை. அவளும் ஆட்டோ ஓட்டும் மணிவேலும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கயிற்றை அறுத்து, கத்தின மாட்டை இழுத்து வந்தார்கள். இனி மேட்டுக்கு எங்கே போவது? தெருவில் உயரமாகக் கட்டிய வீடு ஒன்றுதான். படியேற்றினார்கள்.

சகாதேவன் ஹாலில், டைல்ஸ் தரையில், சோபாவை இடித்துக்கொண்டு நின்றது மாடு. நின்ற இடத்திலேயே சாணியும் போட்டது.

"என்னாம்மா இது?" என்று அலறினார்.

அருணாதேவி ஈர முந்தானையைப் பிழிந்தாள். "மேலேர்ந்து பாருங்க சார், எங்க மாடு எங்க கீதுன்னு தெரியும்."

அன்று ராத்திரி அந்த ஹாலிலேயே மாடு கன்று போட்டது. சகாதேவன் அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார்: 'நமது எச்சரிக்கையால் காப்பாற்றப்பட்டவை.'

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் போன தடவை வந்த புயல் எச்சரிக்கையை நீங்கள் எத்தனை குழுவுக்கு அனுப்பினீர்கள்? எத்தனை கதவைத் தட்டினீர்கள்? இதோ, இதையும் நாலு பேருக்கு அனுப்பத்தான் விரல் போகிறது. அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் இருப்பவர் பேர் என்ன என்று மட்டும் முதலில் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.