மாப்பிள்ளையின் சோகம் தொண்ணூற்றிரண்டு வீதம்

மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க மலையகத்தில் பழைய வழி ஒன்று உண்டு: அவர் இருக்கும் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகள் பக்கம் போய் நாலு பேரிடம் கேட்பது. கொழும்பில் கணினி படித்துக்கொண்டிருந்த எனக்கு அது அநாகரிகமாகப் பட்டது. (மலையேறி நடக்க வேண்டும் என்பதும் ஒரு காரணம்.)

அப்போது நான் இணையத்தில் ஒரு கருவி செய்திருந்தேன். சமூக வலைத்தளத்தில் ஒருவர் எழுதியதை அதில் ஒட்டினால், அவருடைய மனநிலையை வீதக் கணக்கில் சொல்லும். மகிழ்ச்சிச் சொற்களைப் பத்திரிகையின் திருமண வாழ்த்துகளிலிருந்தும், சோகச் சொற்களை மரண அறிவித்தல்களிலிருந்தும் பொறுக்கியிருந்தேன். உலகமே இதற்காகக் காத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்த மாசி மாதம் அக்காவுக்கு அக்கரப்பத்தனையில் ஓர் ஆசிரியரைப் பேசி, பரிசம் போட நாளும் குறித்தாயிற்று. அக்காவுக்கு அவரை நன்றாகவே பிடித்திருந்தது. ஹட்டனில் ஓர் இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து, அவருடைய பதிவுகளை மொத்தமாக அள்ளிக் கருவியில் கொட்டினேன். சோகம் தொண்ணூற்றிரண்டு வீதம். திரையில் ஒரு நீல முகம் அழுதது.

டிக்கோயா வீட்டுக்கு வந்து அறிவித்தேன். "இவருக்கு ஏதோ காதல் தோல்வி. மனசு இங்க இல்ல."

"அப்ப பரிசத்த நிப்பாட்டிருவோமா?" என்றார் அப்பா.

அக்கா என்னையே பார்த்தாள். "அவரு என்னடா எழுதியிருந்தாரு?"

"படிக்கல."

"படிக்கலயா?"

"நான் படிக்கிறதுக்கா மெசின் செஞ்சேன்?"

"நேர்லயே போய்க் கேட்டுருவோம்," என்று அப்பா சட்டையை மாட்டினார். இருவரும் பஸ் ஏறினோம்.

லயத்து வாசலில் தப்பு மேளச் சத்தம். சிவப்புச் சேலை கட்டிய ஒரு பெண், கை நிறைய வளையலோடு மார்பில் அடித்து அழுதுகொண்டிருந்தாள். "செத்த வீடு போல. இன்னொரு நாளைக்கு வருவமா?" என்று அப்பா கிசுகிசுத்தார். அந்தப் பெண் எங்களைக் கண்டதும் அழுகையை நிறுத்தி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள்.

"வாங்க மாமா."

மாப்பிள்ளையேதான். காமன் கூத்துக்கு ஒத்திகை. ஆண்களே கட்டும் ரதி வேஷம் அவருக்கு. சிவன் காமனை எரித்ததும் ரதி பாடும் ஒப்பாரியைத்தான், கொழும்பில் வேலை பார்க்கும் தோட்டத்துப் பையன்களுக்காக வலைத்தளத்தில் போட்டு வந்திருக்கிறார்.

அப்பா தடுமாறினார். "ஒண்ணுமில்ல தம்பி. நீங்க ரொம்ப சோகமா இருக்கீங்கன்னு இவன் சொன்னான்."

"புருஷன எரிச்சுட்டாங்களே மாமா. சிரிக்கவா சொல்றீங்க?"

தப்புக்காரர் குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அப்பா பஸ்ஸில் டிக்கோயா வரைக்கும் சிரித்தார். அடங்கும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்து மறுபடி தொடங்கினார்.

பரிசம் குறித்த நாளிலேயே நடந்தது. கருவியை மூடிவிட்டு நான் பத்திரிகை வேலைக்குப் போனேன். அங்கே எல்லாவற்றையும் படித்தால்தான் சம்பளம்.

இப்போதும் வீட்டில் சண்டை வந்தால் அக்கா எனக்குத்தான் போன் போடுவாள். "அன்னைக்கு ஒன் மெசின் சொன்னதக் கேட்டிருக்கணும்டா" என்பாள். அதற்குள் பின்னால் மச்சான் ஒப்பாரியைத் தொடங்கிவிடுவார். சிரிப்பை அடக்க முடியாமல் அவள் போனை வைத்துவிடுவாள்.