பனி தின்னும் பல்செட்

பெருமதிப்பிற்குரிய அத்தானுக்கு மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் பல்செட் பட்டறையும் நலம். அங்கு அக்காவும் உங்கள் ஈறுகளும் நலம்தானா? பல்லெல்லாம் எடுத்த பிறகு நீங்கள் போனையே தொடுவதில்லை என்று அக்கா அழாத குறையாகச் சொன்னாள், அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் பணிநிறைவு விழா. இத்தனை வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்த வாத்தியார் மேடையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தால் என் தொழிலுக்குத்தான் கேவலம். சிரித்தால் எட்டு வீட்டுக்குக் கேட்கும் மனிதர் இப்படி ஊமையாகிப்போனது எனக்குத் தாங்கவில்லை அத்தான். ஆகவே பல்செட்டை இன்று காலையே கூரியரில் அனுப்பிவிட்டேன். வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிக்கொள்ளலாம்.

தாமதத்துக்குக் காரணம் உங்கள் சீமந்த புத்திரிதான். கோள்களைப் பற்றிப் படிக்க இங்கே விடுதியில் சேர்ந்தவள், விண்வெளிக் கதைப் பைத்தியங்களின் கூட்டத்தோடு சேர்ந்து, வேற்றுக்கிரகவாசி வேஷப் போட்டிக்கென்று ஒரு ரப்பர் தலையைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்து, "மாமா, இதுக்குப் பல்லு வேணும், பார்த்தாலே அலறணும்" என்றாள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். "அலறுறது இருக்கட்டும், இது என்ன சாப்பிடும்?" என்று கேட்டுத் தொலைத்தேன். தின்பது தெரியாமல் நான் எப்படிப் பல் வைப்பது? அவள் மோவாயில் கைவைத்து யோசித்தாள். "அங்க செடிகொடி கிடையாது மாமா. ஒரு பக்கம் எப்பவும் பகல், மறுபக்கம் எப்பவும் ராத்திரி. நடுவுல பனிமூட்டம் மட்டும்தான்." "அப்போ பனியைத்தான் திங்கணும்." "பனியை எப்படிக் கடிக்கிறது?" "கடிக்கக் கூடாதும்மா, வடிகட்டணும்."

அவ்வளவுதான், ஆள் போச்சு. சீப்புப் பல் மாதிரி மெல்லிசாக ஒவ்வொன்றையும் மெழுகில் இழைக்க உட்கார்ந்தால், ஜன்னலுக்கு வெளியே தெரு கரைந்துவிடும். பகலுமில்லாத இரவுமில்லாத வெளியில் அந்த ஜீவன் வாயைத் திறந்தபடி மெதுவாக நடக்கும், நானும் பின்னாலேயே போவேன், காலடிச் சத்தமே கேட்காது, திரும்பி வரவும் மனசே வராது. பக்கத்துக் கண்ணாடிக்கடைக்காரர் வந்து, "என்னய்யா, ஆளு இங்க இல்லியே?" என்று உலுக்குவார். அந்த ஜீவனின் பல் அளவுக்கும் உங்கள் வாய் அச்சையே எடுத்துக்கொண்டேன், கோபிக்காதீர்கள். ஒருவழியாக இரண்டு செட்டையும் முடித்து, ஒரே மாதிரி இரண்டு டப்பாவில் போட்டு, ஒன்றைக் கூரியருக்கும் மற்றதை அவளுக்கும் கொடுத்துவிட்டேன்.

ஞாயிறன்று வாய்விட்டுப் பேசுங்கள். நன்றாகக் கடித்து, நன்றாக மென்று, அக்காவோடு நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் போட்டி அரங்கிலிருந்து போன். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. "மாமா, தலையை மாட்டிக்கிட்டு மேடையில வாயைத் திறந்தேன், அலற வேண்டிய கூட்டம் மொத்தமும் சிரிச்சுது. கண்ணாடியில போய்ப் பார்த்தா, அப்பா மாமா! அப்பா சிரிக்கிற மாதிரியே இருக்கு. பார்த்து எவ்வளவு நாளாச்சு!" டப்பா மாறிவிட்டது அத்தான். உங்கள் பல்லோடு அவளே சனிக்கிழமை அங்கு வந்துவிடுவாள். அக்காவிடம் மூச்சு விடாதீர்கள், என்னைத் தொலைத்துவிடுவாள். கூரியர் அவளை முந்திக்கொண்டால் கண்ணை மூடிக்கொண்டு மாட்ட வேண்டாம். மாட்டியே விட்டீர்களென்றால், அளவு உங்களுடையதுதான், கச்சிதமாக உட்காரும். எதையும் கடிக்க மட்டும் கடிக்காதீர்கள். விடிகாலைப் பனியில் மாடிக்குப் போய் வாயைத் திறந்து சும்மா நில்லுங்கள். அது என்ன ருசி என்று கேட்க நான் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.