கிள்ளு சாரின் முறை

நல்ல சேதி சொன்னால் வாயில் சர்க்கரை போடுகிற மனிதர்களை உலகம் நிறையப் பார்த்திருக்கிறது. கிள்ளி வைக்கிற மனிதரை நாங்கள் மட்டும்தான் பார்த்தோம்.

தொண்ணூறுகளின் கடைசி. கல்கத்தாவில், கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் நான் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். ஜாகை, பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தமிழ் மெஸ். அங்கே என் அறைவாசிதான் கிள்ளு சார். ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளின் கால் நரம்பை ஆராய்கிற உத்தியோகம். பகலில் எலிகள், சாயங்காலம் நாங்கள்.

மெஸ்ஸில் யாருக்காவது பிரமோஷன் வந்தால், பெண் பார்த்து முடிந்தால், "கங்கிராஜுலேஷன்ஸ்" என்று கை குலுக்குவார். குலுக்கிய கையை விடாமல் முழங்கைக்கு மேலே நறுக்கென்று ஒரு கிள்ளு.

"வலி எப்படி? போன தடவையைவிட ஜாஸ்தியா, கம்மியா?"

"யோவ், விடுய்யா!"

"ஏன் கோபிக்கறீங்க? டோபமைன்னு ஒண்ணு இருக்கு சார். மூளைல அது சந்தோஷத்தோட சேர்ந்தது, வலியைக்கூட அடக்கும்கறாங்க. அதே சமாசாரத்துக்கு வெளில கை கால் நரம்புலயும் கதவு இருக்கு. ஒரு கதவுல போனா வலி அடங்குது, இன்னொண்ணுல போனா ஏறுது. அதான் என் தலைவலி."

"மூளைல சுரக்கறது முழங்கைக்கு வருமா?"

"வராது சார். இது விஞ்ஞானமே இல்ல. ஆனா வலி ஜாஸ்தியா கம்மியான்னு எலி வாயைத் திறந்து சொல்லாதே!"

வீட்டுக்காரர் வங்காளி. தன் கால்பந்து அணி ஜெயித்த அன்று சட்டி நிறைய ரசகுல்லாவோடு மாடியேறி வந்தார். கிள்ளு சார் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டே அவரைக் கிள்ளினார். "ஓரே பாபா!" என்று அவர் அலறிய அலறலில் சட்டி படியில் உருண்டது. அதன் பிறகு அந்த மனிதர், அணி ஜெயித்தாலும் தோற்ற முகத்தோடுதான் மாடிக்கு வருவார்.

ஒருநாள் கடுப்பில், "உங்க கையை நீங்களே கிள்ளிக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"தனக்குத் தானே கிள்ளிக்கிட்டா கணக்குல சேராது சார். அடுத்தவன் கிள்ளணும். அதுவும் சந்தோஷமா இருக்கறப்போ. என் முறை வரும்" என்றார்.

எப்படி வரும்? மனைவி திருச்சியில் பள்ளிக்கூட டீச்சர். சின்னப் பெண் அவளோடு. இங்கே இவர் எலிகளோடு. ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்துக்குப் போவார். மகள் குரலைக் கேட்டுவிட்டு வந்தால் அன்று யாரையும் கிள்ள மாட்டார். கை அரிக்கிறதா என்று நாங்கள் கேலி செய்தாலும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அந்த முதுகைப் பார்த்துவிட்டு நானும் ஊருக்கு ஒரு கடிதம் எழுத உட்காருவேன். எனக்கும் ஊரில் பெண்டாட்டி இருந்தாளே!

பூஜை விடுமுறைக்கு அவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "இறங்கின உடனே கிள்ளுங்க சார். தயவு தாட்சண்யம் பார்க்காதீங்க."

ஹவுராவில் கூட்டம் நெரிந்தது. சென்னை ரயில் வழக்கம்போலத் தாமதம். ஒருவழியாகப் பெட்டியிலிருந்து அந்த அம்மாள் இறங்க, பின்னாலேயே பாவாடை சட்டையில் மகள். இத்தனை நாள் வாங்கியதற்கெல்லாம் சேர்த்து, அவர் கையில் நகம் பதியக் கிள்ளினேன். மனிதர் அசையவில்லை. திருகினேன். ஊஹூம்.

"அப்பா, இந்த மாமா உன்னைக் கிள்றாரு!" என்று குழந்தை கத்தினாள்.

"எப்போ?" என்றார் அவர். கண்ணீர் மோவாயில் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்த அம்மாள் ஊர் பார்க்க வரவில்லை, ஆளைக் கூட்டிப்போக வந்திருந்தாள். திருச்சியில் ஒரு கல்லூரியில் அவருக்கு வேலை பேசி வைத்துவிட்டாள். அங்கே எலியும் கிடையாது, நரம்பும் கிடையாது, பாடம் நடத்துவதோடு சரி. "பரவாயில்ல சார்" என்று சிரித்துக்கொண்டே மூட்டை கட்டினார். எனக்குத்தான் பரவாயில்லை என்று சொல்ல வரவில்லை. எதிர்க் கட்டில் வெறும் பலகையாகக் கிடந்தது.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் கழித்து எனக்கு ஊருக்கே மாற்றல் உத்தரவு வந்தது. மெஸ்ஸில் எல்லோரும் கை குலுக்கினார்கள். குலுக்கிவிட்டுக் கையை விட்டுவிட்டார்கள். அறைக்கு வந்து சட்டைக் கையை மடித்து நானே கிள்ளிக்கொண்டேன். அது சேராதாமே. எங்க சார் இருக்கீங்க? வந்து ஒரு கிள்ளு கிள்ளிட்டுப் போங்களேன்.