எவனோ கை வைத்த வண்டி

சாவி உள்ளே போனது. திரும்பவில்லை.

டிங்கர் கண்ணப்பன் எண்ணெய் விட்டுப் பார்த்தார். வெளியே எடுத்து ஊதிப் பார்த்தார். மறுபடி நுழைத்து மெல்ல அசைத்தார். பிறகு நிமிர்ந்து, கண்டுபிடித்துவிட்ட முகத்தோடு சொன்னார்.

"எவனோ கை வெச்சிகீறான்."

"யாரு மேஸ்திரி?" என்றான் பக்கத்துப் பட்டறை வெல்டர் சுப்பன்.

"நமக்கு முன்னாடி இதுல வேல பாத்தவன். பூட்டையே மாத்திகீறான் பாரு."

வெள்ளிக்கிழமை சாயங்காலம். கொழுந்தியாள் வளைகாப்புக்கு வாலாஜாபாத் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு, கண்ணப்பன் அப்போதுதான் ஸ்ரீபெரும்புதூர் திரும்பியிருந்தார். அவர் இல்லாத நாட்களில் பட்டறைச் சாவி எதிரே கிளியம்மாள் டீக்கடையில் இருக்கும். வண்டி விடுகிறவர்கள் செய்தியையும் அங்கேயே விட்டுப் போவார்கள். கிளியம்மாள் ஒரு பழுப்புக் கவரை நீட்டினாள். பட்டறைக்குள்ளே ஒரு சின்னப் பச்சை ஸ்போர்ட்ஸ் கார் நின்றது.

கவரில் ஒரு சாவியும், ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படமும், ஒரு கடிதமும் இருந்தன.

'கண்ணப்பன், நம் எம்.ஜி. வண்டியை அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் மைதானத்தில் பழைய கார் கண்காட்சி. என் அப்பா வைத்திருந்த காலத்தில் எப்படி இருந்ததோ, படத்தில் உள்ள அதேபோல் வண்டி இருக்க வேண்டும். அன்று காலை ஒன்பது மணிக்கு நடுவரோடு பட்டறைக்கு வருகிறேன். அவர் சரி என்று சொன்னால், நம் புதுத் தொழிற்சாலையின் பாடி ஷாப்புக்கு நீதான் ஃபோர்மேன். ஏகாம்பரநாதன்.'

கண்ணப்பன் கடைசி வரியை மூன்று முறை படித்தார். பட்டறை நிற்கிற நிலம் ஒரு கம்பெனிக்கு விலை போய்விட்டது. மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அதற்கப்புறம் என்ன என்று மனைவி கனகம் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்விக்கு இதோ பதில், அதுவும் தொழிற்சாலை முதலாளி கையெழுத்தில்.

சுப்பன் வண்டியின் மூக்கைத் தடவினான். "எம்.ஜி.ன்னு போட்டுகீது. 'ஆர்' எங்கனா வுழுந்துட்ச்சா?"

"அது கம்பெனி பேருடா. இங்க வா, சொல்றேன்."

கண்ணப்பன் பெட்டியிலிருந்து ஓர் ஆங்கிலப் பத்திரிகையை எடுத்தார். பழைய பேப்பர் கடையில் கிடைத்தது. அதில் எம்.ஜி. வண்டிகளை வரிசையாகப் படம் போட்ட ஒரு பக்கம் மட்டும் அவருக்கு மனப்பாடம்.

"இது டி.சி. சைக்கிள் மாதிரி ஒசரமான ஸ்போக் சக்கரம். பம்பரே கெடையாது. மட்காடு ஒல்லியா இருக்கும். இதுக்கப்புறம் வந்தது டி.டி. சக்கரம் சின்னதாயிட்ச்சி, ஸ்போக் போயி தகடு வந்துட்ச்சி. முன்னால பின்னால பம்பர். மட்காடு சதை போட்டுட்ச்சி. அடுத்தது டி.எஃப். வெளிய நின்னுகினு இருந்த லைட்டு மட்காடுக்குள்ள பூந்துகிச்சி, மூக்கு பின்னால சாஞ்சிட்ச்சி. அப்புறம் பேரு திரும்ப ஏ-லேர்ந்து. அது முழுசா வழுவழுன்னு சோப்பு மாதிரி. அதுக்கப்புறம் பி."

"டி.டி.க்கும் டி.எஃப்.க்கும் நடுவுல டி.இ. எங்க?"

"அது எனக்கும் தெரிலடா. ஆனா ஒண்ணு பாரு. ஒவ்வொரு தபா பேரு மாறும்போதும் ஒரு மூலை கரைஞ்சி வட்டமாவுது. வெயில்ல வெச்ச ஐஸ்கட்டி மாதிரி."

பிறகு புகைப்படத்தை வண்டிக்குப் பக்கத்தில் பிடித்தார்.

படத்தில் உயரமான ஸ்போக் சக்கரம். வண்டியில் சின்னத் தகட்டுச் சக்கரம். படத்தில் பம்பர் இல்லை. வண்டியில் இரண்டு. படத்தில் மட்காடு ஒல்லி. வண்டியில் குண்டு.

"இது வேற வண்டியோ?" என்றான் சுப்பன்.

கண்ணப்பன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "இருவது வருஷத்துல எத்தன மார்க் டூ அம்பாசிடருக்கு நான் மார்க் த்ரீ மூஞ்சி வெச்சிகீறேன், தெரியுமா? எல்லாருக்கும் அவுங்கவுங்க வண்டிய புச்சா காட்டணும். நம்ம ஊர்ல பொறந்த மூஞ்சியோட எந்த வண்டிடா ஓடுது? இது டி.சி.தான். எவனோ டி.டி.யா மாத்திகீறான். நாம திருப்பி மாத்தப் போறோம்."

போட்டிப் பட்டறைக்காரன் எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்று தகரக் கதவைச் சாத்தினார். சனிக்கிழமை காலை வேலை தொடங்கியது.

பம்பர் சுலபமாகக் கழன்றது. கழன்ற இடத்தில் நான்கு ஓட்டைகள் தெரிந்தன. சுப்பன் அவற்றை வெல்டிங் வைத்து அடைத்தான். அடைத்த சூட்டில் சுற்றிலும் ஒரு முழத்துக்குப் பச்சைப் பெயின்ட் அப்பளமாகப் பொரிந்தது.

"பரவால்ல, பெயின்ட் நம்ம கையில கீது. சக்கரத்துக்கு வா. பத்தொம்பது இஞ்சு ஸ்போக் வேணும். வேற எதுல அந்த அளவு கீது, சொல்லு?"

சுப்பனின் பார்வை வாசல் பக்கம் போய், அங்கே நின்ற தன் புல்லட்டைத் தொட்டு, அவசரமாகத் திரும்பியது.

"மேஸ்திரி, வேணாம்."

"ஃபோர்மேன் ஆனதும் உன்ன உள்ள இட்டுகினு போறேன்டா."

"புல்லட்டுக்கு ரெண்டு சக்கரம்தான கீது!"

"உம் மச்சான்கிட்ட ஒண்ணு கீதே."

"அவன் இன்னிக்கு குன்றத்தூர் கோயிலுக்குப் போவணும்னான்."

"பஸ்ல போவட்டும்."

கார் சக்கரத்தின் நடுப்பகுதியை வெட்டி புல்லட் சக்கரத்தோடு பற்ற வைத்தார்கள். நான்கும் ஏறின. வண்டி அரையடி உயர்ந்தது. ஆனால் பெரிய சக்கரம் சுற்ற இடம் வேண்டும் அல்லவா? டயர் மட்காடில் முட்டிக்கொண்டது. கண்ணப்பன் சாக்பீஸால் கோடு போட்டு மட்காடை வெட்டினார். இடதை வெட்டியதும் வலது பெரிதாகத் தெரிந்தது. வலதை வெட்டியதும் இடது பெரிதாகத் தெரிந்தது. நான்கு முறை இப்படிச் சமன் செய்ததில் மட்காடு ஒல்லியாகிவிட்டது. படத்தில் இருப்பதைவிடவும் ஒல்லியாக.

ஸ்டீயரிங்கைத் திருப்பினால் டயர் சேசிஸில் உரசியது.

"திரும்பாது போலகீதே மேஸ்திரி."

"கண்காட்சில நிக்கறதுக்கு எதுக்குடா திரும்பணும்?" குரலில் தைரியம் இருந்தது. நெற்றியில் வியர்வை இருந்தது.

தகரக் கதவின் இடுக்கில் இரண்டு டம்ளர் டீயும் கிளியம்மாள் குரலும் வந்தன. "கண்ணப்பா, இந்த வேப்பமரத்தாண்ட தார்ப்பாய் போட்ட வண்டி..."

"மொற வரும்போது பாத்துக்கறேன் அக்கா."

மரத்தடியில் எப்போதும் ஏதாவது ஒரு வண்டி காத்திருக்கும். முறை வராத வண்டியின் தார்ப்பாயைக் கண்ணப்பன் தூக்கிப் பார்ப்பதில்லை.

"அதுக்கில்லபா, அத வுட்டவரு..."

"நாய்த்திக்கெயம வரைக்கும் ஒண்ணும் கேக்காத அக்கா. என் பொழப்பே இதுல கீது."

"சரி, அது மேல வடாம் போட்டுக்கட்டா?"

"தாராளமா போட்டுக்க."

அப்போது இஞ்சின் அறையிலிருந்து சுப்பன் கத்தினான். அங்கே ஒரு பித்தளைத் தகடு இருந்தது. அதில் TD என்றும், பக்கத்தில் ஒரு எண்ணும் பொறித்திருந்தன.

கண்ணப்பன் அதைத் துணியால் துடைத்துப் பார்த்தார். "தகட்டையே மாத்திகீறான்! எவ்ளோ துணிச்சல் பாரு." பிறகு அரத்தை எடுத்தார். "ரெண்டாவது டி-யோட நேர்க்கோட்ட ராவிட்டா மிச்சம் சி."

ராவினார். மிச்சம் சி-தான். ஆனால் எதிர்ப்பக்கம் பார்த்து நின்றது.

"தலைகீழா மாட்டு மேஸ்திரி."

மாட்டினார். சி நேரானது. டி தலைகீழானது. எண்ணும் அப்படியே. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இஞ்சின் மூடியைச் சாத்தினார்கள்.

ஞாயிறு காலை ஒன்பது மணி. வாசலில் அம்பாசிடர் வந்து நின்றது. ஏகாம்பரநாதன் இறங்கினார். கூடவே வெள்ளைத் தொப்பி வைத்த நடுவர். கண்ணப்பன் சட்டைப் பித்தானை மேல்வரை போட்டுக்கொண்டு தகரக் கதவைத் திறந்தார்.

இருவரும் உள்ளே வந்தார்கள். நின்றார்கள்.

நடுவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். இரண்டாவது சுற்றில் தொப்பியைக் கழற்றினார். ஏகாம்பரநாதன் வாயைத் திறந்தார். "கண்ணப்பா..."

"இருங்க சார், இன்னும் கீது." கழன்ற தொப்பி கண்ணப்பனைப் பயமுறுத்தியது. பயம் வந்தால் அவர் விளக்குவார். "எவனோ இத டி.டி. மாதிரி மாத்தி வெச்சிருந்தான் சார். நான் ஏமாறலியே! பம்பர எடுத்துட்டேன். சக்கரத்த மாத்திட்டேன். மட்காட வெட்டிட்டேன். சாவிகூட சேரல சார், அப்பவே புரிஞ்சிகினேன்."

நடுவர் பாக்கெட்டிலிருந்து மெதுவாக ஒரு சாவியை எடுத்தார். குனிந்து பூட்டில் நுழைத்தார். சுலபமாகத் திரும்பியது.

"பாத்தியா சுப்பா, ஜட்ஜ் ஐயா கைராசிய!" என்றார் கண்ணப்பன்.

வெளியே வேப்பமரத்தடியில் கிளியம்மாள் வடாம் துணியைச் சுருட்டி எடுத்து, தார்ப்பாயை ஒரு இழுப்பு இழுத்தாள். உயரமான ஸ்போக் சக்கரங்கள் வெயிலில் மின்னின.

"மொதலாளி வண்டிய வியாழக்கெயமயே வுட்டாங்க, இன்னும் நீ தொடவே இல்லியேபா," என்று அங்கிருந்தே கேட்டாள் அவள். "உள்ள நெயல்ல ரெண்டு நாளு நிக்கட்டும்னு ஜட்ஜ் ஐயா வுட்டுட்டுப் போன அவரோட வண்டிக்குள்ள அப்புடி இன்னாதான் பண்ணிகினு இருந்த?"